பெடல் இறங்குச்சாண்ணே

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இந்த நோட்டை எழுதச் சொன்னது மெக்கானிக் இருதயராஜ். "பிரேக் என்னைக்கு என்ன பண்ணுதுன்னு அன்னன்னைக்கே எழுதி வைண்ணே. நீ வாயால சொல்லுறது ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணா இருக்கு" என்றான். பத்தாம் வகுப்பில் தமிழுக்கு எழுபத்தெட்டு வாங்கியவனிடம் எழுதச் சொன்னால் சும்மா இருப்பானா. எழுதுகிறேன்.

பெயர் சுருளிவேல். போடியில் இருபத்தாறு வருஷமாக ஜீப் ஓட்டுகிறேன். வண்டி தொண்ணூற்று நான்கு மாடல், நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். காலையில் பதினோரு பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையேறி, கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட வேண்டும். காய் பறித்து முடித்ததும் சாயங்காலம் ஏற்றிக்கொண்டு இறங்க வேண்டும். மலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. இத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட நான் அடித்ததில்லை.

போன வியாழன் இறங்கும்போது பதினோராவது வளைவில் பிரேக்கை மிதித்தேன். வண்டி நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. ஒரு ஆள் நீளம் தள்ளிப் போய், பம்பர் தடுப்புச் சுவரில் உரசி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி இருக்கிற பெருமாயி மட்டும், "என்னண்ணே, தூங்கிட்டியா?" என்று கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தூங்கினவனா பதினேழு வளைவு ஓட்டுவான்? பழைய டிரம் பிரேக், தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அதனால் முடிவு பண்ணிவிட்டேன். முன்னால் இரண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். கூடவே பூஸ்டர். மிதிக்கிற மிதியை அது நாலு மடங்காக்கிக் கொடுக்குமாம். இருதயராஜ் மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் எல்லாம் சேர்த்து வாங்கி வைத்திருக்கிறான். இன்று ஆடிப்பெருக்கு, நல்ல நாள். வண்டியைக் கொண்டுபோய் அவன் கடையில் விட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டு நாள் வேலை முடிந்தது. வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.

கடைசி வேலை ஏர் எடுப்பது. பிரேக் எண்ணெய் போகிற குழாய்க்குள் காற்று நின்றுவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியே தள்ள இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு ஒரு சின்னத் திருகைத் திறப்பார். திறந்ததும் பெடல் இறங்கும். மறுபடி திருகை மூடுகிற வரைக்கும் மிதித்த காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும்.

இருதயராஜின் பெண்டாட்டி ஸ்டெல்லாதான் அந்தக் கடையில் பெடல் மிதிக்கிற ஆள். நல்ல பெண், பட்டறை வேலையில் பாதி அவளுடையது. சீட்டில் ஏறப்போனவளை நான் விடவில்லை. மலை ஜீப் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அவனவன் வண்டிக்கு அவனவன்தான் மிதிப்பான். அடுத்தவன் கால் பழக்கின பிரேக் அவசரத்துக்கு உதவாது என்போம். அதே மாதிரி, செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் பெடலை மிதிப்போம்.

"மிதிண்ணே. பிடிண்ணே. விடாத, விடாத. ம், விடு." இப்படி நாலு சக்கரத்துக்கும் ஒன்றரை மணி நேரம். நானும் மிதித்தேன், பிடித்தேன், விட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

பெடல் பஞ்சு. மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்ட்டோடு திரும்பிவிட்டேன். பதினோரு பேருக்கும் இன்றைய கூலி போயிற்று. பெருமாயி ஒன்றுமே சொல்லவில்லை. அவள் திட்டினால் பரவாயில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதற்குள் இருதயராஜ் வேலையை முடித்துவிட்டான். "குழாயெல்லாம் காத்துண்ணே. எப்படி வந்துச்சுன்னே தெரியல. ஸ்டெல்லாவ மிதிக்கச் சொல்லி மறுபடி எடுத்தேன்." வண்டியை அவனே ஓட்டிக்காட்டினான். கடைக்கு எதிரே காலி மனையில் வேகமாகப் போய் மிதித்தான். மண்ணில் நாலு கோடு விழுந்து வண்டி அப்படியே நின்றது.

"இம்புட்டு நல்ல பிரேக்க நான் போட்டதே இல்லண்ணே" என்றான்.

நான் ஓட்டிப் பார்த்தேன். நிற்கத்தான் செய்தது. ஆனால் எனக்கு என்னமோ மிதித்த மாதிரியே இல்லை. பழைய பிரேக் முரட்டுப் பிரேக். தொடை, இடுப்பு எல்லாம் சேர்த்து மிதிக்க வேண்டும், மிதித்தால் மிதித்தது தெரியும். இதில் கால் பெடலில் இருக்கிறதா, பெடல் இறங்குகிறதா, ஒன்றும் தெரியவில்லை. அவனிடம் சொன்னேன்.

"பூஸ்டர்னா லேசாத்தாண்ணே இருக்கும். பழகிரும்."

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டுக் கிளம்பினேன்.

ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி போய் விழுந்தார்கள். மெல்ல மிதிக்கிறேன் என்று நினைத்தால் வண்டி குத்திக்கொண்டு நிற்கிறது. சரி, இன்னும் மெல்ல என்று நினைத்தால் நிற்கவே மாட்டேன் என்கிறது. "நாங்க என்ன நெல்லு மூட்டையாண்ணே? இந்தக் குலுக்குக் குலுக்குற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். ஆறாவது வளைவுக்கு அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் கால் கழுவும்போது என் பெண்டாட்டி தமயந்தி பார்த்துவிட்டு, "இது என்னைக்குக் கொப்புளிச்சது?" என்றாள். வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, நாலணா அகலத்துக்குக் கொப்புளம், உடைந்து கிடக்கிறது. தெரியவில்லை. இஞ்சின் பக்கத்துத் தகடு சுடும், அதில் பட்டிருக்கும். "சுட்டது தெரியலையா?" என்கிறாள். வளைவில் வண்டியைப் பார்ப்பேனா, காலைப் பார்ப்பேனா? சர்க்கரை மாத்திரை போட்டீர்களா என்று அடுத்த பாட்டு ஆரம்பித்தாள். போடியில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். தப்பு ஸ்டெல்லாவின் மிதியில் இருக்கிறது. அவள் கால் பழக்கின பிரேக் எனக்கு எப்படி அடங்கும்? பட்டறைக்குப் போய், மறுபடி ஏர் எடு, நான்தான் மிதிப்பேன் என்று சொல்லிவிட்டேன். இருதயராஜ் தலையில் அடித்துக்கொண்டான். ஸ்டெல்லா, "அண்ணே கால் ராசியான காலு, விடுங்க" என்று சிரித்தாள்.

மிதித்தேன், பிடித்தேன், விட்டேன். மனதுக்கு இப்போதுதான் திருப்தி.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கறி எடுக்கப் போய்விட்டு ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். தமயந்தி வாசலில் வைத்துக் கேட்ட பிறகுதான் பார்த்தேன். வலது கால் செருப்பைக் காணோம். தெருவோடு திரும்பி நடந்துபோய்த் தேடினேன், கறிக்கடைக்கு முன்னாலேயே கிடந்தது. வார் தளர்ந்துவிட்டது. இந்தக் காலத்துச் செருப்பு எல்லாம் மூன்று மாதம்கூட உழைப்பதில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

மறுபடியும் பஞ்சு.

எனக்குத் தலை சுற்றுகிறது. கூலி போய்விடக் கூடாது என்று, இரண்டு இரண்டு தடவை மிதித்து மிதித்து, முதல் கியரிலேயே மலை ஏறி இறங்கினேன். வழக்கமாக முன் சீட்டுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள், இஞ்சின் சூடு. பின்னால் உட்கார்ந்தால்தான் பேச்சுக்கு ஆள் கிடைக்கும். இன்று பெருமாயி முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "பின்னாடி காத்து அடிக்குது" என்றாள். ஆகஸ்ட் மாதக் காற்று இவளுக்குப் புதிதா?

எட்டாவது வளைவில், "கீழ பாக்காம ரோட்டப் பாருண்ணே" என்றாள்.

"பெடல் சரியா இருக்கான்னு பாத்தேன்."

"ஒவ்வொரு தடவையுமா பாப்பாக?"

பழகாத பெடலைப் பார்த்துத்தான் மிதிக்க வேண்டும். இவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்.

சாயங்காலம் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் இருதயராஜ் ஸ்டெல்லாவை வைத்து ஏர் எடுத்துவிட்டான். குழாய் நிறையக் காற்று இருந்ததாம். ஓட்டிக்காட்டினான். நாலு கோடு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எண்ணெய் ஒன்று, குழாய் ஒன்று, படுத்துத் திருகுகிற ஆளும் ஒன்று. ஸ்டெல்லா மிதித்தால் பிடிக்கிறது, நான் மிதித்தால் பஞ்சாகிறது. அவள் மிதித்துப் பிடித்த பிரேக்கும் இருதயராஜ் ஓட்டினால் நிற்கிறது, நான் ஓட்டினால் ஒன்று குத்துகிறது, இல்லாவிட்டால் ஓடுகிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. யாரோ கண் வைத்துவிட்டார்களா என்று நினைத்தேன். இந்தக் கிழட்டு ஜீப்பைப் பார்த்து எவன் கண் வைப்பான்?

முன் சீட்டில் இன்று ராக்கு என்கிற பெண் வந்து உட்கார்ந்தாள். பின்னால் அவ்வளவு இடம் இருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருநாள் பெருமாயி, ஒருநாள் ராக்கு, முன் சீட்டுக்கு முறை வைத்திருக்கிறார்கள் போல. என்ன அப்படி அதிசயம் அந்தச் சீட்டில்?

ஆகஸ்ட் 13, புதன்

இன்று இருதயராஜ் பேசியது எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இந்த நோட்டைக் கேட்டான். கொடுத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தான். படித்துவிட்டு ஸ்டெல்லாவிடம் கொடுத்தான். அவளும் படித்தாள். என் தமிழைப் பார்த்து அசந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, பிரேக்கப் பத்தி எழுதச் சொன்னா, காலப் பத்தியில்ல நெறைய எழுதியிருக்க" என்றான்.

கால் இல்லாமல் பிரேக்கை எதால் மிதிப்பதாம்?

பிறகு, "வா, ஏர் எடுப்போம். இன்னைக்கு நீயே மிதி" என்றான். எனக்குச் சந்தோஷம். ஏறி உட்கார்ந்தேன். அவன் வலது முன் சக்கரத்துக்கு அடியில் போனான். ஸ்டெல்லா என் பக்கத்துக் கதவோரம் நின்றாள். "கீழ பாக்காதண்ணே, எதுத்த கடையப் பாத்துக்கிட்டே மிதி" என்று அடியிலிருந்து குரல் கொடுத்தான். இது என்ன புது வித்தை என்று கேட்டுக்கொண்டே எதிர்த்த பலசரக்குக் கடையைப் பார்த்தேன்.

"மிதிண்ணே."

மிதித்தேன்.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன்."

"தொறக்குறேன். பெடல் இறங்குச்சாண்ணே?"

"இல்லையே."

"இப்ப?" என்றான். இப்பவும் இல்லை என்றேன். நீ திருகைத் திறக்கவே இல்லையடா என்று சிரித்தேன்.

அப்போது ஸ்டெல்லா மெதுவாக, "அண்ணே, கால் எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பெடல்லதான்."

"பாருங்கண்ணே."

பார்த்தேன். பெடல் மேலே நிற்கிறது. என் கால் அதற்குப் பக்கத்தில் தகட்டின் மேல் இருக்கிறது. நான் தகட்டைத்தான் இவ்வளவு நேரமும் மிதித்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிரேக் எண்ணெய் பட்டு வழுக்கியிருக்கும். அதைத்தான் சொன்னேன்.

இருதயராஜ் அடியிலிருந்து வெளியே வந்தான். கையைத் துடைத்தான், துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "வண்டி ரெண்டு நாளைக்கு இங்கயே நிக்கட்டும்ணே" என்றான். நாளைக்கு ட்ரிப் இருக்கிறது, முடியாது என்றேன். "ஆஸ்பத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்துருண்ணே" என்றான். பிரேக் சரியில்லை என்று வந்தவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிற மெக்கானிக்கை இவனிடம்தான் பார்க்கிறேன். வேலை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே. அப்படியே கேட்டுவிட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டெல்லாதான், "இவரு வேலையில குத்தம் சொல்லாதீங்கண்ணே" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது வளைவில் கீழேயிருந்து ஒரு லாரி ஏறி வந்தது. ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும், அதுதான் மலை முறை. நானும் வழி விட மிதித்தேன். நிற்கவில்லை. இன்னும் மிதித்தேன். என் பலம் அத்தனையும் போட்டு மிதித்தேன். நிற்கவில்லை. லாரிக்காரன் ஹாரனை அமுக்கியபடியே இருக்கிறான். இடது பக்கம் பள்ளம். பின்னால் எல்லாரும் கத்துகிறார்கள்.

முன் சீட்டில் பெருமாயி இருந்தாள். நடுவில் இருக்கிற கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பு. வண்டி திமிறிக்கொண்டு நின்றது. லாரிக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழையலாம், அவ்வளவுதான் இடம்.

கீழே பார்த்தேன். என் கால் பிரேக்குக்கும் ஆக்ஸிலேட்டருக்கும் நடுவில், தகட்டின் மேல் இருந்தது. நின்ற பிறகும் அதை மிதித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்கு எண்ணெய் எதுவும் இல்லை. தகடு காய்ந்துதான் கிடந்தது.

"எறங்குங்கடி எல்லாரும்" என்றாள் பெருமாயி. இறங்கினார்கள். ஒருத்தி ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் இறங்கித் தடுப்புச் சுவரில் உட்கார்ந்தேன்.

"கைப்பிரேக் எப்படித் தெரியும் ஒனக்கு?" என்று பெருமாயியிடம் கேட்டேன். கேட்க வேறு எதுவும் தோன்றவில்லை.

"திங்கக்கெழமையில இருந்து யாராவது ஒருத்தி கை அதுலதாண்ணே இருக்கு. மொறை போட்டு உக்காந்தோம். ராக்கு மகன் ஜீப்பு ஓட்டுறான்ல, அவன்கிட்டக் கேட்டு இழுக்கப் பழகிட்டோம்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா நீ கேப்பியா? கீழ பாக்காதன்னேன், கேட்டியா? வேலைக்குப் போகாம எங்களுக்கு ஆகாது. பதினாலு வருசமா ஒன் வண்டியில வாரோம், ஒன்ன விட்டுட்டு வேற வண்டியில ஏறவும் மனசு வரல. சனிக்கெழமை வரைக்கும் பாப்போம்னு இருந்தோம்." அதுவரை அமைதியாகப் பேசியவள், அப்புறம் குரல் உடைந்து சொன்னாள்: "ஒன் மானத்துக்கு நாங்க பதினோரு பேரும் உசுரக் குடுக்கணுமாண்ணே? எனக்கு வீட்டுல ரெண்டு பேத்தி கெடக்கு."

நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், லாரிக்காரன் பார்க்க. அவமானம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

போன் போட்டதும் இருதயராஜ் பைக்கில் வந்தான். ஜீப்பை எடுத்து எல்லாரையும் ஏற்றி மெதுவாக இறக்கினான். அவன் பைக்கை யார் கொண்டுவருவது? லாரிக்காரனே கிளீனரை அனுப்பி வைத்தான்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. எல்லாவற்றையும் தமயந்தியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கொப்புளப் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாகியும் ஆறவில்லை. அவள் விரலால் சுற்றித் தொட்டதை, கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

அரசு ஆஸ்பத்திரி. சின்ன வயதுப் பெண் டாக்டர். தமயந்தியும் கூட வந்தாள்.

தூண்டில் நரம்பு மாதிரி ஒரு மெல்லிய நரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "கண்ண மூடிக்குங்கய்யா. கால்ல தொடுறப்ப எல்லாம் 'ம்' சொல்லுங்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். வெளியில் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். ஒரு குழந்தை அழுதது. நான் காத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவுக்கு வேறு ஏதோ வேலை வந்துவிட்டது போல என்று நினைத்து, "எப்பம்மா ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தேன். தமயந்தி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள்.

"வலது கால் முடிஞ்சிருச்சுங்கய்யா" என்றார் டாக்டர். "பத்து எடத்துல தொட்டேன்."

இடது காலில் நாலு இடத்தில் 'ம்' சொன்னேன்.

சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டதாம். ஒரு நாளில் நடப்பது இல்லையாம், வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக. போன உணர்ச்சி திரும்புமா என்று கேட்டேன். "திரும்புறது கஷ்டங்கய்யா. மேல ஏறாமப் பாத்துக்கலாம். புண்ணுக்குத் தெனமும் கட்டுப் போடணும். வெறுங்காலோட நடக்கவே கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "வண்டி ஓட்டாதீங்க" என்றார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை.

தெரியும். வைகாசியில் கோயிலுக்குப் போனபோது எல்லாரும் சுடுகிறது சுடுகிறது என்று தரையில் துள்ளித் துள்ளி ஓடினார்கள். நான் மட்டும் நிதானமாக நடந்தேன். மலை வண்டி ஓட்டுகிறவன் கால், அப்படித்தான் இருக்கும் என்று பெருமையாகக்கூடச் சொன்னேன். பழைய பிரேக் முரடாக இருந்ததால் மிதித்தது தொடையில் தெரிந்தது. அதை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். லேசான பிரேக் வந்ததும் வேஷம் கலைந்துவிட்டது. ஒரு பெயிண்டர் கண் தெரியவில்லை என்றால் கண்ணாடி போட்டுக்கொள்வான். கால் தெரியவில்லை என்றால் டிரைவர் எதைப் போட்டுக்கொள்வான்? அதனால்தான் சொல்லவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இருதயராஜிடம் போனேன். உன் வேலையைக் குறை சொன்னது தப்பு என்றேன். "அத விடுண்ணே, சாப்பிட்டியா?" என்றான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வண்டியை விற்றுவிடலாம் என்றேன். தமயந்தி வேண்டாம் என்கிறாள். இந்தப் பதினோரு பேரும் சனிக்கிழமையிலிருந்து வேறு ஜீப்பில் பதினெட்டோடு பத்தொன்பதாகத் தொற்றிக்கொண்டு போகிறார்களாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இருதயராஜ் ஒரு டிரைவரைக் கூட்டிவந்தான். தேவாரம் ஊர்க்காரர், பெயர் பால்சாமி. எஸ்டேட்டில் பதினைந்து வருஷம் டிராக்டர் ஓட்டியவர். அதிகம் பேசவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார், கீழே படுத்துப் பார்த்தார். "ஏர் எடுத்துருவோமா?" என்று கேட்டார்.

வழக்கம் வழக்கம்தானே. அவரையே மிதிக்கச் சொன்னேன். நான் கதவோரம் நின்று பார்த்தேன். "பெடல் இறங்குச்சாண்ணே?" என்று இருதயராஜ் கேட்பதற்கு முன்னாலேயே, "இறங்கிருச்சு" என்று அவர் சொன்னார். எனக்குத் தாங்கவில்லை, அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் பால்சாமி வண்டியை எடுத்துப் போனார். வீட்டில் இருக்க முடியவில்லை. மத்தியானம் டிரங்க் பெட்டியைத் திறந்து மூடினேன், கொடியில் கிடந்த துணியை மடித்து வைத்தேன். தமயந்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸேறி மேல போய், அவுங்களோட எறங்கி வாங்களேன்" என்றாள். செருப்புப் போட்டுக்கொண்டு, வார் இறுக்கமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மேலே ஜீப்புக்குப் பக்கத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். பேச்சு நின்றுவிட்டது. பெருமாயி, "கூட்டம்தான், ஆனாலும் ஏறுண்ணே" என்று சொல்லிவிட்டு முன் சீட்டில் ஏறினாள். பின்னால் ராக்குவுக்கும் இன்னொருத்திக்கும் நடுவில் எனக்கு இடம் விட்டார்கள். இருபத்தாறு வருஷத்தில் என் வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. சாலை பின்பக்கமாக ஓடுகிறது. எந்த வளைவு வருகிறது என்பது வந்த பிறகுதான் தெரிகிறது.

பதினேழு வளைவும் பால்சாமி நிதானமாக இறக்கினார். ஒரு குத்து இல்லை, ஒரு ஓட்டம் இல்லை. பத்தாவது வளைவு தாண்டியதும் என் தோளில் ஏதோ பாரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன், ராக்கு வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எதிரே மூன்று பேர் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்குகிறார்கள். முன்னால் எட்டிப் பார்த்தேன். பெருமாயி கையை மடியில் போட்டுக்கொண்டு, தலை கம்பியில் இடிக்க இடிக்கத் தூங்குகிறாள்.

காலையிலிருந்து காய் பறித்த உடம்பு, தூக்கம் வரத்தானே செய்யும். என் வண்டியில் இவர்கள் கடைசியாக எப்போது தூங்கினார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இந்த வருஷத்தில் ஒரு நாள்கூட ஞாபகம் வரவில்லை.

ராக்கு முழித்துவிடுவாளே என்று முந்தல் வரைக்கும் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தேன். பிரேக் நன்றாக இருக்கிறது.